கல்லும் முட்டையும்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. பாட்டிலைத் திண்ணையில் வெயில் விழுகிற இடத்தில் வைத்துவிட்டு, அது விளிம்பிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக இளகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஜனவரி முதல் தேதியன்று நான் செய்கிற முதல் காரியம். இரண்டாவது, புதுக் காலண்டரை ஆணியில் மாட்டுவது. முழுத் தடிமனோடு இருக்கிற தினசரிக் காலண்டரின் கனத்தைக் கையில் உணர்வதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அதில் அச்சாகியிருக்கிற ராகுகாலம், எமகண்டத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வரப்போகிற நாட்களின்மேலும் அப்படியொன்றும் பெரிய நம்பிக்கை இல்லை. கனம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதுவதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நம்முடைய சிறு வட்டத்தில் சின்ன சந்தோஷங்களுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. ஒரு சாரார் அவற்றைக் குட்டி பூர்ஷ்வா மனோபாவம் என்றார்கள். இன்னொரு சாரார் இருத்தலின் வெறுமையிலிருந்து தப்பியோடுகிற தந்திரம் என்றார்கள். இரண்டையும் நானே வெவ்வேறு வயதில் உரக்கச் சொல்லியிருக்கிறேன், அதுவும் நல்ல காப்பி குடித்துக்கொண்டு. எபிக்யூரஸ் தன் நண்பனுக்கு ஒரு கடிதத்தில் ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது அதை வைத்து ஒரு விருந்தே நடத்திக்கொள்வேன் என்று எழுதினான். இன்பவாதத்தின் தலைவன் கேட்டது அவ்வளவுதான் என்பதை அவனைத் திட்டியவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

ஜனவரி முதல் தேதி வருஷத் தொடக்கமா என்பதே விவாதத்துக்குரியது. தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டசபை 2008-ல் ஒரு சட்டம் போட்டது. 2011-ல் அதை நீக்க இன்னொரு சட்டம் போட்டது. எங்கள் குன்னத்தில் ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கிறவனுக்கு வருஷம் எப்போது தொடங்குகிறது என்று எந்தச் சட்டசபையும் கேட்டதில்லை. ஆனால் ஜனவரியில் இந்தக் கரிசல் தன் கணக்கைக் காட்டும். மக்காச்சோளம் ஒடித்துச் சாலையில் காயும், பருத்தி வெடித்து நிற்கும், சின்ன வெங்காயம் பட்டறைக்குப் போகும். தொடக்கமோ இல்லையோ, கையில் ஏதாவது இருக்கிற மாதம். இல்லாமல் போனால் அதுவும் இந்த மாதத்தில்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது 2021 ஜனவரி முதல் தேதி, வெள்ளிக்கிழமை காலையைப்பற்றி.

அதற்கு முந்தைய அக்டோபரில் குன்னத்துக் குளத்தில் மண் எடுத்தபோது பெரிதும் சிறிதுமாக உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவிற்று. கைபேசிகளில் படம் பறந்தது. ஊர் ஊராக ஜனங்கள் வந்து பார்த்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பிறகு புவியியல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, இவை முட்டைகள் இல்லை, அம்மோனைட் படிவங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நத்தைபோல் சுருண்ட ஓடு கொண்ட கடல் பிராணி அம்மோனைட். கணவாயின் தூரத்துச் சொந்தம். அது செத்துக் கடலடிச் சேற்றில் விழ, அதைச் சுற்றிச் சுண்ணாம்பும் மண்ணும் அடுக்கடுக்காக இறுகிக் கல்லாக உருண்டிருக்கிறது. ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன்பு, டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், இந்த இனமும் அற்றுப்போயிற்று.

ஜனங்கள் முட்டை என்று நம்பியதை மூடத்தனம் என்று ஒதுக்க முடியாது. இது அப்படிப்பட்ட மண். அரியலூரையும் பெரம்பலூரையும் ஒரு காலத்தில் கடல் மூடியிருந்தது. சிமெண்டு ஆலைகள் வெட்டித் தின்கிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போன எச்சம். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. அதை 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னார். வயது பன்னிரண்டு கோடி வருஷம் என்கிறார்கள். 2009-ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் என்று பத்திரிகைகளில் வந்தது. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் ஒரு மாபெரும் பிராணிக்கு பிருஹத்காயோசாரஸ் என்று பெயரே வைத்தார்கள். பெருத்த உடம்புக்காரன் என்று அர்த்தம். அந்த எலும்புகள் பிற்பாடு பொடிந்து போய்விட்டன. பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரிய பிராணிகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடியது, இப்போது சில படங்களிலும் ஒரு கட்டுரையிலும் மட்டும் உயிரோடிருக்கிறது. இலக்கியவாதிகள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அன்று காலை எண்ணெய்ப் பாட்டில் பாதி இளகியிருந்தது. தெருக்கோடிப் பெரியப்பா துண்டில் எதையோ சுருட்டி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, முறைக்கு அப்படிக் கூப்பிடுவது. எழுபது தாண்டியவர். முந்தின வருஷம் ஆகஸ்டில் அவருடைய அண்ணன் செத்துப்போனார். மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களோடு நோயும் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. சாவுக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று கணக்கு. நாங்கள் வாசலிலிருந்தே பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் வெளியே அதிகம் வந்ததில்லை.

துண்டைப் பிரித்தார். தேங்காய் அளவில் ஒரு உருண்டைக் கல். ஒரு பக்கம் பெயர்ந்து உள்ளே வளையம் வளையமாகத் தெரிந்தது.

"ஓடைக்கரையில கெடந்துது தம்பி. மேல தோடு கழண்டிருக்கு பாரு. உள்ள கரு இருக்குமா?"

அவர் உட்காரக்கூட இல்லை. நான் சொன்னேன்: "பெரியப்பா, இது முட்டை இல்லை. கல்லுதான். பேப்பர்லயே போட்டுட்டாங்க."

"அப்படியா?" என்றார். துண்டை மறுபடி சுற்றினார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." நான் விடவில்லை. கடல் இருந்தது, அம்மோனைட், இத்தனை கோடி வருஷம் என்று ஆரம்பித்தேன். பாதியில், சோளத்துக்கு ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எண்ணெய் முழுக்க இளகிவிட்டிருந்தது. நான் தலையில் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

நான் செய்தது தவறா? தர்க்கப்படி பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. பொய்யான நம்பிக்கையின்மேல் நிற்கிற சந்தோஷம் சந்தோஷமே இல்லை என்று வாதிக்கலாம். ராபர்ட் நோசிக் 1974-ல் ஒரு கற்பனை யந்திரத்தை முன்வைத்தார். அதனுள் படுத்துக்கொண்டால் வேண்டிய அனுபவமெல்லாம் கிடைக்கும், எதுவும் நிஜமாக நடந்திருக்காது. அதில் ஏற நீங்கள் சம்மதிப்பீர்களா என்று கேட்டார். பெரும்பாலோர் தயங்குவார்கள் என்பது அவருடைய துணிபு. நமக்கு வேண்டியது இன்பத்தின் உணர்வு மட்டுமல்ல, அதற்குப் பின்னால் நிஜமாக ஏதாவது இருக்கவேண்டும் என்பது வாதம். நல்ல வாதம். ஆனால் அது தன்னைக் குறித்து ஒருவன் தேர்ந்துகொள்வதைப்பற்றியது. பக்கத்து வீட்டுக்காரனின் யந்திரத்தைப் புத்தாண்டுக் காலையில் போய் நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு என்பதைப்பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

2023 டிசம்பரில் வந்த ஒரு செய்தி இதை எனக்கு இன்னும் சிக்கலாக்கிற்று. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்துப் பாட்லியா கிராமத்தில், தலைமுறைகளாகக் குலதெய்வமாகக் கும்பிட்டுவந்த உருண்டைக் கற்கள் உண்மையிலேயே டைனோசர் முட்டைகள் என்று லக்னோவிலிருந்து வந்த நிபுணர்கள் கண்டார்கள். காக்கர் பைரவர் என்று பெயர். நிலத்தையும் மாட்டையும் காக்கிறவர். குன்னத்தில் கல்லை முட்டை என்று நம்பினார்கள், அங்கே முட்டையைக் கல்லென்று நம்பி, அந்தக் கல்லைத் தெய்வமாக்கியிருந்தார்கள். அங்கே உண்மை தெரிந்தபோது தெய்வம் என்ன ஆயிற்று? காக்கிற வேலையை முட்டை செய்யக்கூடாது என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? அந்தக் கிராமத்துக்காரர்கள் கும்பிட்டது கல்லின் ரசாயனத்தை இல்லை. வரப்பில் நிற்கிற ஒரு துணையை. அது பொய்யென்று நிரூபிக்கிற கருவி லக்னோவில் இருப்பதாகத் தெரியவில்லை.

பொங்கல் சமயத்தில் அந்த வருஷம் காலம் தவறி மழை கொட்டிற்று. காயவைத்த சோளம் நனைந்தது. வெங்காயம் நிலத்திலேயே அழுகியது. சோளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுவதற்குக் கைகொடுக்கப் போனபோது பெரியப்பா தானாகவே பேசினார். குளத்துக்குத் தினம் போனேன் என்றார். முட்டையைப் பார்க்கவா என்றேன்.

"முட்டையோ மண்ணாங்கட்டியோ. அவ்வளவு ஜனம் தம்பி. ஒம்போது மாசமா அண்ணன் சாவுக்குக்கூட நாலு பேரு சேர முடியல. கொளத்துல எறநூறு பேரு நிக்கிறான். ஒருத்தனும் அழுவல."

நான் மறுத்தது எதை, அவர் சந்தோஷப்பட்டது எதனால் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு வாக்கியத்தை நான் பொய்யென்று காட்டினேன். அவருடைய சந்தோஷம் அந்த வாக்கியத்தின்மேல் நிற்கவே இல்லை. அது பக்கத்தில் எங்கோ நின்றுகொண்டிருந்தது. தத்துவவாதிகள் இன்பத்துக்கு ஒரு பொருள் உண்டு என்கிறார்கள். அந்தப் பொருள் எது என்று அனுபவிக்கிறவனைக் கேட்காமல் நாம் எப்படித் தீர்மானித்துவிடுகிறோம்?

அதோடு நின்றால் எனக்குச் சுலபமாகியிருக்கும். அவர் அடுத்துச் சொன்னது: "ஆனா நீ சொன்னதுக்கப்புறம் போகல." குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னார். அப்படியானால் முட்டைக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஏதோ ஒரு முடிச்சு இருந்திருக்கிறது. அதை நான் அறுத்திருக்கிறேன்.

அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கையில் தெளிவாகிற விஷயம் ஒன்றுண்டு. அதை ஒப்புக்கொள்ளச் சில வருஷங்களாயிற்று. உண்மையின்மேல் உள்ள பற்றினால் நான் பேசவில்லை. 'இது முட்டை இல்லை' என்று சொன்ன நொடியில் எனக்குள் ஒரு சிறிய, கச்சிதமான, கதகதப்பான சந்தோஷம் உண்டாயிற்று. எண்ணெய் இளகுவதைப் பார்ப்பதைவிட, காலண்டர் கனத்தைவிட உயர்ந்த ரகம். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அன்றைய சின்ன சந்தோஷங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று, அதுதான் மற்றவற்றைவிடப் பெரியது. சின்ன சந்தோஷங்கள் யாருக்கும் தீங்கில்லாதவை என்று இப்போது புத்தகம் புத்தகமாக எழுதுகிறவர்கள் இந்த ரகத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்முடைய விமர்சனக் கட்டுரைகளில் பாதி இந்தச் சந்தோஷத்தில் எழுதப்பட்டவை என்பது என் சந்தேகம். ஒருவன் துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டு வருகிறான். அவன் உட்காருவதற்குள் அது கல் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது கல்தான், மறுக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கு எல்லார் வீட்டுப் பரணிலும் முட்டைகள் அடைகாக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இருந்தாலும், சொன்னபோது நமக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதியதில்லை.

நாளைக்குச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். உண்மைக்கு நேரம் காலம் உண்டு என்பது அவர் கட்சி. இந்தச் சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜனங்கள் தாங்கமாட்டார்கள், அப்புறம் சொல்லலாம் என்பது சர்க்கார்கள் பேசுகிற பாஷை. நோய்க் கணக்கிலும் அதைக் கேட்டோம். மறைத்திருக்க வேண்டியதில்லை. அவரை உட்காரச் சொல்லியிருக்கலாம். கல்லைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம். வளையங்களை விரலால் தடவியிருந்தால் அந்த உயிர் சுருண்டிருந்த இடம் தட்டுப்பட்டிருக்கக்கூடும். வெங்காய வயலுக்கு நடுவில் கடல் இருந்தது என்பது முட்டையைவிடப் பெரிய விஷயமென்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது எனக்குத்தான் தோன்றுகிறது, அவருக்கு எப்படியென்று தெரிந்துகொள்ள நான் அவகாசம் தரவில்லை. அன்று அந்தக் கல்லை நான் தொடக்கூட இல்லை.

இந்த வருஷ ஜனவரியிலும் எண்ணெய் உறைந்தது. சாலையில் பாதி அகலத்துக்குச் சோளம் காய்கிறது. சாயங்காலம் பனி இறங்குவதற்குள் பெரியப்பா தார்ப்பாயை இழுத்து மூடினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். நாலு மூலைக்கும் பாரம் வைக்கவேண்டும். மூன்று மூலைக்குச் செங்கல். நாலாவதற்கு அந்த உருண்டைக் கல், பெயர்ந்த பக்கம் கீழே.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அதைப் புரட்டிப் பார்த்தான். "தாத்தா, இது என்னா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முறத்தால் சிதறின சோளத்தை வாரிக்கொண்டிருந்தேன்.

"கல்லுடா," என்றார். "எடுக்காத, தார்ப்பாய் பறந்துரும்."