உயிர் யாருக்குச் சொந்தம்?



பூசை முடிந்து வெளியே வந்தபோது மூதாட்டி ஒருவர் காத்து நின்றார். "சுவாமி, என்ர தம்பிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமோ?" என்றார். இதிலென்ன தயக்கம் என்று விசாரித்தேன். 1970களில், இருபது வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவராம் அந்தத் தம்பி. துக்கமணி அடிக்கவில்லை. சேமக்காலை மதிலுக்கு வெளியே, செபமின்றிப் புதைத்தார்களாம். அரை நூற்றாண்டாக அந்தச் சகோதரி இக்கேள்வியை நெஞ்சில் சுமந்திருக்கிறார்.

உயிர் எமது உடைமையன்று. ஆண்டவர் எம்மிடம் ஒப்படைத்தது அது. அதை முடித்துவிடும் உரிமை எமக்கில்லை. ஐந்தாம் கட்டளை பிறர் உயிரை மட்டுமன்றி எம் உயிரையும் காக்கிறது என்று புனித அகுஸ்தீனார் வாதிட்டார். இப்போதனையில் திருச்சபை இன்றுவரை தளரவில்லை, தளரவும் முடியாது.

ஆனால் செயலைத் தீதென்பது ஒன்று, செய்தவரைத் தீர்ப்பிடுவது வேறொன்று. ஞானோபதேச வகுப்பில் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும்: சாவான பாவத்துக்குப் பாரதூரமான காரியம் மட்டும் போதாது, முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். மனநோயிலோ தாங்கொணா வேதனையிலோ அமிழ்ந்திருந்தவரிடம் அந்தச் சம்மதம் எவ்வளவு இருந்தது என்று யார் அளப்பது?

எமது நாட்டின் அனுபவத்தையே பாருங்கள். 1995 அளவில் இலட்சம் பேருக்கு 47 பேர் வரையில் இங்கு தற்கொலையால் மாண்டனர். மிகக் கொடிய விவசாய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டபின், 2005 ஆகும்போது அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் கடனும் வறுமையும் குடும்பச் சண்டையும் ஒழிந்துவிட்டனவா? இல்லை. நஞ்சு கைக்கெட்டாதபோது அந்தப் பொல்லாத நாழிகை பலருக்குக் கடந்து போயிற்று. நாம் உறுதியான தீர்மானம் என்று எண்ணியது அநேகரில் ஒருவேளைக் கொந்தளிப்பே என்றுதான் நான் கருதுகிறேன்.

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை செய்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூலோ, அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய எமது நாட்டுச் சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. ஊர்வாய்க்கு மட்டும் இன்னும் சட்டம் மாறவில்லை.

உயிர் ஆண்டவருடையது என்றால், அதைக் காக்கும் பொறுப்பு அயலவரான எமக்கும் உண்டல்லவா? எலியாஸ் இறைவாக்கினர் பாலைவனத்தில் ஒரு செடியடியில் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் வைக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் தூங்கவிட்டார், பின்பும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னார். குருமடத்தில் நான் படித்த தடித்த ஒழுக்கவியல் நூல்களில் இந்த மருந்தைக் கண்டதாக ஞாபகமில்லை.

இதை வாசிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இன்றிரவே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: வைத்தியரிடம், பங்குக் குருவிடம், அல்லது நீங்கள் நம்பும் ஒருவரிடம். 1974 முதல் எமது நாட்டில் இயங்கிவரும் சுமித்திரயோ நிலையத்தினர் எம்மதத்தவரென்று பாராமல், இரகசியம் காத்துக் கேட்பார்கள்.

மூதாட்டியின் தம்பிக்கு அடுத்த சனிக்கிழமை பூசை ஒப்புக்கொடுத்தேன். பெயரைச் சத்தமாக வாசிக்கட்டுமா என்று முன்கூட்டியே கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். "வாசியுங்கோ சுவாமி" என்றார்.