முதல் கேமராவும் துணைக்காரணமும்

ஒரு காரியம் நிகழ மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தக் கொள்கை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இதற்குக் குடத்தைச் சான்று காட்டுகிறது: மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்தில் மாயை முதலாகவும் சத்தி துணையாகவும் சிவன் நிமித்தமாகவும் நிற்பதை விளக்க எழுந்த பகுப்பு இது. மனிதர் செய்யும் தொழில்களுக்கும் இது பொருந்தும். புகைப்படத்துக்கு ஒளி முதல்; கேமராவும் லென்சும் துணை; எடுப்பவர் நிமித்தம். குறைந்த பணத்தில் முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்கியவர் அதனுடன் வேறு எவற்றை வாங்க வேண்டும் என்பது, உண்மையான துணைக்காரணம் எது என்ற கேள்வியே.

இதை நுணுகி ஆராய்ந்தவர்கள் நியாய நூலார். ஒன்று இருந்தால் காரியம் நிகழ்வதையும் இல்லாவிட்டால் நிகழாததையும் அந்வயம், வெதிரேகம் என்பர். 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய காரிகாவளி, காரியத்தை ஒட்டி இருந்தும் காரணமாகாதவற்றை ‘அந்யதாசித்தம்’ என ஒதுக்குகிறது. திரிகையைச் சுழற்றும் கோல் குடத்துக்குக் காரணம். கோலின் நிறம் காரணமன்று. மண் சுமந்து வந்த கழுதையும் காரணமன்று. அது இல்லாவிட்டாலும் மண் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இச்சோதனைக்கு இரண்டு களங்கள் உண்டு. ஒன்று ஈப்போ தைப்பூசம். புந்தோங் சுங்கை பாரி மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து காவடிகள் குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குச் செல்கின்றன. மற்றொன்று சுங்கை சிப்புட் போன்ற வட்டாரங்களின் பழைய ரப்பர் தோட்டங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீடுகளும் வேலைக்கு முன் அவர்கள் கூடிய பெரட்டுக்களங்களும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களும் குறைந்துகொண்டே வருகின்றன. எஞ்சியவற்றைப் படமாக்கி வைப்பது தமிழர் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டு. விலையுயர்ந்த கருவி இல்லை என்பதற்காக அது தள்ளிப்போகக் கூடாது.

முதலில் லென்ஸ். கேமராவுடன் வரும் 18–55 மி.மீ. லென்ஸ் 55 மி.மீ.இல் எஃப் 5.6 வரையே திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கொளியில் நிற்கும் பக்தரின் முகத்துக்கு முன்னதில் 1/6 நொடி தேவைப்பட்டால், பின்னதில் 1/60 நொடி போதும். 1/6 நொடியில் முகம் கலங்கும், படம் கெடும். இது வெதிரேகம் தெளிவாகப் புலப்படும் இடம். ஆகவே இந்த லென்ஸ் துணைக்காரணம். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவிய மோட்டார் இல்லை. மோட்டார் பொருத்திய லென்ஸையே வாங்க வேண்டும்.

நினைவக அட்டை இல்லாமல் படமே இல்லை. ஒரே பெரிய அட்டையைவிட நடுத்தர அளவில் இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றதில் உள்ளது பிழைக்கும். இரண்டாவது பேட்டரிக்கு அவ்வளவு அவசரமில்லை. கேனன் 1500டி போன்ற கேமராவில் காட்சித் துளை வழியே பார்த்து எடுத்தால், முழுதும் ஏற்றிய பேட்டரி ஏறத்தாழ 500 படங்களுக்கு வரும். திரையைப் பார்த்தே எடுப்பவருக்கும் காணொளி எடுப்பவருக்கும் இரண்டாவதும் வேண்டும்.

முக்காலி இடத்தைப் பொறுத்தது. அந்தி மங்கும் நேரத்தில் ஆளில்லாத லயத்தைச் சில நொடித் திறப்பில் எடுக்க அது துணை. தைப்பூசக் கூட்டத்தில் அதுவே காவடிக்குத் தடை. பிளாஷும் அவ்வாறே. மூலவரைப் படமெடுக்க அனுமதியாத கோயில்கள் பல. அனுமதி உள்ள இடத்திலும் வழிபடுபவரின் கண்ணில் வெளிச்சம் பாய்ச்சுவது தகாது.

கோலின் நிறத்துக்கு நிகரானவை நிறுவனப் பெயர் பொறித்த வார், வண்ண உறை, புற ஊதா வடிகட்டி. டிஜிட்டல் உணரியின் முன்னேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால், வடிகட்டி லென்ஸின் முகப்பைக் காப்பதோடு சரி. விலையுயர்ந்த கேமராப் பை கழுதையின் வரிசையில் சேரும். வீட்டில் இருக்கும் முதுகுப்பையில் தடித்த துணி விரித்தால் வேலை முடிந்தது.

காப்புப் பொருள்கள் சற்றுச் சிக்கலானவை. சிலிக்கா ஜெல் எந்தப் படத்தையும் உண்டாக்குவதில்லை. ஒரு படத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் அது தோற்கும். ஆனால் ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் மூடிவைத்த லென்ஸுக்குள் பூஞ்சை படரும்; கண்ணாடியின் பூச்சை அரித்தபின் அதை மீட்பது அரிது. திரிகை உடைந்தால் நாளைக்குக் குடமில்லை. ஆகவே காரியம் என்பதை நாளைய படங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். காற்றுப்புகாத நெகிழிப் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் செலவு குறைவே. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நின்றால் போதும். திடீர் மழைக்கு ஒரு நெகிழி உறை பையில் இருக்கட்டும்.

திருக்குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவற்றை 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைக்கிறது. அரசனுக்குச் சொன்ன அந்த வரிசை இங்கும் உதவும்: கையிருப்பு எவ்வளவு, எந்த நேரத்து ஒளி, எந்த இடம். இம்மூன்றும் மாறினால் துணைக்காரணமும் மாறும். ஆகவே எல்லாருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. எடுக்கப்போகும் படத்தை முதலில் முடிவு செய்து, எது இல்லாமல் அது நின்றுபோகுமோ அதை வாங்குவதே முறை.