வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரை முதன்முதலில் இழுத்துப் பார்க்கும் நாளில் அதில் சுவாமியை எழுந்தருளச் செய்வதில்லை. வெறும் தேர்தான் ஓடும். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். சுவாமி இல்லையே தவிர, வடம் பிடிக்க மனிதர்கள் உண்டு. முட்டுக்கட்டையோடு சக்கரத்தின் அருகே நடக்கவும் மனிதர்கள் உண்டு. அச்சு முறிந்தால் அகப்பட்டுக் கொள்கிறவர்கள் அவர்கள்தாம்.

சிறு வயதில் எங்கள் ஊரில் அப்படி ஒரு வெள்ளோட்டம் பார்த்திருக்கிறேன். தேர் நிலையை விட்டுப் புறப்பட்டு நாற்பது அடி கூடப் போயிராது. பக்கத்தில் நடந்து வந்த கிழவர் ஒருவர், "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்!" என்று கத்தினார். வடம் பிடித்தவர்களுக்குக் கோபம். மேளக்காரர் அடிப்பதை நிறுத்தவில்லை. கிழவரும் கத்துவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஆசாரி குனிந்து பார்த்தார். கடையாணி பாதி வெளியே வந்திருந்தது.

அந்தக் கிழவரை நான் பல ஆண்டுகளாக மறந்திருந்தேன். அண்மையில் அவர் என் நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுக்கிறார். காரணத்தைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்துகொண்டு அதை ஆட்டி வைக்கும் அடிப்படை ஏற்பாட்டை இயங்குதளம் என்கிறார்கள். புதிய இயங்குதளம் ஒன்றைச் செய்கிற கம்பெனி, அதை அதிகாரபூர்வமாக வெளியிடுவதற்குச் சில மாதங்கள் முன்பே, விரும்புகிறவர்களிடம் பரீட்சார்த்தமாகக் கொடுத்துவிடுகிறது. 'இதில் குறைகள் இருக்கும். கண்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள்' என்பது ஏற்பாடு. பீட்டாப் பதிப்பு என்று இதற்குப் பெயர்.

மனித சுபாவத்தின் வேடிக்கையைப் பாருங்கள். குறை உள்ளது என்று சொல்லியே கொடுக்கப்படுகிற சரக்கை வாங்க ஜனங்கள் போட்டி போடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி, மாக் ஓஎஸ் எக்ஸ் என்ற புதிய இயங்குதளத்தின் பீட்டாவை வெளியிட்டது. இனாமாக அல்ல; 29.95 டாலர் விலைக்கு. முழுப் பதிப்பு வந்தது அடுத்த ஆண்டு மார்ச் 24-இல். பீட்டாவோ அந்த மே மாதத்தோடு காலாவதியாகிவிடும். காசு கொடுத்துக் கூலி வேலைக்குப் போனவர்களை உலகம் அதற்கு முன் அதிகம் கண்டிராது! ஆயினும் அவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். முதல் பந்தியில் உட்காருகிற ஆசை எனக்கும் உண்டு.

அந்த ஆசையால்தான் ஒரு நவம்பர் மாதத்தில் என் அண்ணன் மகனிடம் சொல்லி, வெளிவராத ஓர் இயங்குதளத்தை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே அவசியமில்லை. "சித்தப்பா, எதையாவது கண்டால் அவர்களுக்கு எழுத வேண்டும். அதற்காகத்தான் கொடுக்கிறார்கள்" என்றான் அவன். "ஆகட்டும்" என்றேன். திரையிலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை என் விரலே அழுத்தியது. அடுத்த பத்து நாட்கள், வந்தவர் போனவரிடமெல்லாம் அதைத் திறந்து காட்டிப் பெருமையடித்துக் கொண்டேன்.

எனக்கு ஒரு பழக்கம். நாவலின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் சேமிக்கும்போது அதன் முதல் வாக்கியம் முழுவதையுமே கோப்புக்குப் பெயராக வைத்துவிடுவேன். ஒருநாள் முப்பத்தொரு அத்தியாயங்களை வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்தேன். போய்ச் சேர்ந்தவை இருபத்தெட்டு. 'மூன்று வரவில்லை' என்று யந்திரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டது என்றே அறிவித்தது. நீண்ட தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள் மட்டும் விடுபட்டிருந்தன. (யூனிகோடைச் சேமிக்கப் பெரிதும் வழங்குகிற முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். பெயருக்கு இவ்வளவுதான் இடம் என்று பைட் கணக்கில் எல்லை வகுத்தால் தமிழ்ப் பெயர் சீக்கிரமே நிரம்பிவிடும். இங்கு நேர்ந்தது அதுதானா என்று நான் ஆராயவில்லை.)

பெயர்களைச் சுருக்கினேன். மூன்றும் போய்ச் சேர்ந்தன. குறை தெரிவிக்கும் படிவத்தைத் திறந்தேன். நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். மூடிவிட்டேன். டைரியில் மட்டும், 'மூன்று அத்தியாயங்கள் வரவில்லை. பெயரைச் சுருக்கினேன்' என்று எழுதி வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து இயங்குதளம் ஊருக்கெல்லாம் வந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். கிராமம் கிராமமாகப் போய்த் தாலாட்டும் ஒப்பாரியும் ஒலிப்பதிவு செய்து வைத்திருப்பவர். பாடியவர் பெயர், ஊர், பாட்டின் முதல் அடி எல்லாவற்றையும் சேர்த்தே கோப்புக்குப் பெயரிடுவார். அவர் தம் சேகரிப்பைப் புதிய வட்டுக்கு மாற்றினார். யந்திரம் முடிந்துவிட்டது என்றது. அதை நம்பிப் பழைய வட்டை அழித்துவிட்டு யாரோ ஒரு மாணவனுக்குக் கொடுத்தார். பத்தொன்பது பாடல்கள் போயின. அவற்றுள் நான்கைப் பாடிய பாட்டி முந்திய தை மாதம் காலமாகிவிட்டாள்.

இதை அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யாரையும் நோகாமல் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

அன்று இரவு என் மனம் எனக்காக வக்காலத்து வாங்கியது. 'நீ ஒருவன் எழுதியிருந்தால் அந்தக் கம்பெனி கேட்டிருக்குமா?' என்றது. இந்த வாதத்துக்கு ஆதாரமும் உண்டு. மைக்ரோசாப்ட் கம்பெனி 2014 முதல் விண்டோஸ் 10-ஐ லட்சக்கணக்கானவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துப் பரீட்சித்து வந்தது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி அதன் புதிய திருத்தம் ஒன்று வெளியாயிற்று. சிலருடைய கோப்புகள் அடியோடு அழிந்தன. ஆவணங்கள் வைக்கும் இடத்தை வேறு வட்டுக்கு மாற்றிக்கொண்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்களுக்கு நேர்ந்த கதி அது. நான்கே நாளில் கம்பெனி வெளியீட்டை நிறுத்தியது; நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியிட்டது. இதில் நெஞ்சைச் சுடுகிற செய்தி வேறு. பரீட்சித்துப் பார்த்தவர்களில் சிலர் இதே குறையை முன்னமே எழுதித் தெரிவித்திருந்தார்கள். 'எனக்கும் இப்படியே' என்று ஆமோதித்தவர்கள் சொற்பம். ஆகவே அது கவனிப்பாரின்றி அடியில் கிடந்தது. அதன் பிறகுதான், குறை எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடவும் படிவத்தில் இடம் வைத்தார்கள்.

கை தூக்கியவர்களை எண்ணுகிறவனுக்குக் கடையாணியைக் கண்ட கிழவர் ஒரே ஓட்டுத்தான். அது கம்பெனியின் குற்றம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய காவலை ஊராரின் ஆசையைக் கொண்டு இனாமாகச் செய்வித்துக் கொள்வது பற்றியும் எனக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் அவற்றைச் சொல்ல அன்று இரவு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அந்தச் சிலர் எழுதினார்கள். கேட்காத பாவம் கேட்காதவர்களுடையது. நான் எழுதவே இல்லையே! 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று எண்ணியும் நான் படிவத்தை மூடவில்லை. அந்த நியாயம் ஆசிரியர் வந்து போன பிறகு பிறந்தது. படிவத்தை மூடிய அன்று எனக்கு இருந்தது ஒரே எண்ணம்தான்: என் மூன்று அத்தியாயங்களும் வந்துவிட்டன.

பொய் சொல்லவில்லை, யாரையும் கெடுக்கவில்லை. ஆனாலும் குறையோடு ஓடுகிற தேரைப் பார்த்துக்கொண்டே, நான் மட்டும் இரண்டடி விலகி நின்றுகொண்டவன் என்பதை மறுக்க முடியவில்லை. வழியில் போகிற அந்நியனாக இருந்தாலும் கத்தியிருக்க வேண்டும். நானோ பார்ப்பதற்கென்றே பெயர் கொடுத்துவிட்டுப் போனவன்.

மறுநாள் ஆசிரியர் வீட்டுக்குப் போய் டைரியைக் காட்டினேன். படித்தார். நெடுநேரம் பேசவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, அந்தப் படிவம் இப்போதும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. குறையும் இன்னும் திருத்தப்படாமலே இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போன பாடல்களின் பெயர்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நிரப்பினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'இக்குறையை முதன்முதலில் எப்போது கண்டீர்கள்?'

டைரியைப் புரட்டி, முந்திய ஆண்டு நவம்பர் 19 என்று போட்டேன்.