குறுக்கு வலியும் முன்வினையும்

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் இடுப்பு வலி என்று சொல்வதைக் காட்டிலும் 'குறுக்கு' என்று சொல்வதே வழக்கம். குறுக்குப் பிடித்துக்கொண்டது, குறுக்குக் கடுக்கிறது, குறுக்கு ஒடிகிறது என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேதனையின் படிகளையெல்லாம் பிரித்துக் காட்டிவிடும் சாமர்த்தியம், விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிக் கடந்து, பூப்பாறைக்கும் அதற்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கும் கூலிக்குப் போய், விளக்கு வைக்கும் வேளையில் வீடு திரும்பும் பெண்களுக்கு உண்டு. அவர்களில் ஒருத்தி, ஐம்பது வயதை நெருங்குகிறவள், ஒரு மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் கையை ஊன்றி மெல்ல மெல்ல உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னாள்: “போன ஜென்மத்துல எவ குறுக்கை ஒடிச்சேனோ சார், இந்த ஜென்மத்துல என் குறுக்கு ஒடியுது.”

அந்த வார்த்தை என்னை நெடுநாள் விடவில்லை. புத்தர் பெருமானுக்கே முதுகு வலி இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. பாவா நகரத்து மல்லர் குலத்தார் புதிதாய்க் கட்டிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் தர்மோபதேசம் செய்து, மல்லர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னும் சங்கத்தார் கேட்கும் ஆவலோடு விழித்திருப்பதைக் கண்ட பகவான், தமக்கு முதுகு வலிக்கிறதென்றும் சற்றே படுக்கப்போவதாகவும் தம் சீடர் சாரிபுத்தரிடம் சொல்லி, பேசும் பொறுப்பை அவரிடம் விட்டு, மேலாடையை நான்காக மடித்து விரித்து வலப்பக்கமாகச் சாய்ந்தார் என்று பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்தொகுதியான நிகாயம் கூறுகிறது. ஞானிக்கு ஏன் இந்த வலி என்ற கேள்வி பிற்காலத்தாரை உறுத்தியிருக்க வேண்டும். முற்பிறவியொன்றில் மற்போரில் ஒருவனுடைய முதுகை ஒடித்ததன் பலன் அது என்று ஒரு கதை எழுந்தது. பாலியை ஓர் எழுத்தும் அறியாத ஏலக்காட்டுப் பெண், அதே கதையைத் தன் திண்ணையில் தானே கண்டுபிடித்திருந்தாள்!

ஆனால் பகவானின் வாக்காக நிகாயத்திலேயே வருவது வேறு. மனிதன் அனுபவிக்கும் சுகதுக்கமெல்லாம் முன் செய்த கர்மத்தின் பயன்தானா என்று மோலியசீவகன் என்னும் ஊர் சுற்றும் துறவி கேட்டபோது, பித்தத்தாலும் கபத்தாலும் வாதத்தாலும் இம்மூன்றின் கலப்பாலும் பருவ மாறுதலாலும் சரீரத்தை ஒழுங்கின்றி நடத்துவதாலும் வெளியிலிருந்து வரும் தாக்குதலாலும் கர்மத்தின் விளைவாலும் வேதனைகள் பிறக்கின்றன என்று எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டி, எல்லாமே கர்மம் என்பவர்கள் கண்கூடாகத் தெரிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். கர்மத்தை அவர் மறுக்கவில்லை. எட்டில் ஒன்றாக அதற்கு ஓர் இடம் கொடுத்தார். மற்ற ஏழையும் ஆராயாமல் நேரே எட்டாவதற்குப் போவது பக்தியும் அன்று, அடக்கமும் அன்று என்பதே என் அபிப்பிராயம்.

கண்கூடாகத் தெரிவதைச் சொல்கிறேன். ஏலச்செடி ஆளுக்கு மேல் வளர்ந்து நின்றாலும் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து புறப்படும் சரங்கள் பெரும்பாலும் தரையை ஒட்டியே படர்கின்றன. ஆடி தொடங்கித் தை வரையில் முப்பது நாற்பது நாளுக்கு ஒரு சுற்றாக, முற்றிய காயை மட்டும் பார்த்து, பிஞ்சு உதிராமல் கிள்ளியெடுக்க வேண்டும். ஆகவே அவள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, ஈரச் சருகின்மேல் குந்தியும் குனிந்தும், அட்டை ஏறுவதைத் தட்டிவிட்டபடியே, ஒரு தூரிலிருந்து மறு தூருக்கு நிமிராமலே நகர்கிறாள். குறுக்கில் ஐந்து முள்ளெலும்புகள். அவற்றிடையே நீர் கோத்த மெத்தை போன்ற வட்டுகள். பின்புறம் இருமருங்கும் சிறு மூட்டுகள். நிமிர்ந்து நிற்கையில் பாரத்தில் ஒரு பங்கை மூட்டுகள் வாங்கிக்கொள்ளும். குனிந்தால் மூட்டுகள் விலக, பாரமெல்லாம் வட்டின் முன்பக்கம் விழும். ஸ்வீடனில் நாச்செம்சன் என்னும் வைத்தியர் 1960-களில் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட முன்சாய்ந்து உட்காரும்போது அது மிகுவதைக் காட்டினார். இரவெல்லாம் நீர் உறிஞ்சி வட்டு பூரித்திருக்கும் விடியற்காலையில் குனிவது இன்னும் கடினம். அந்த நேரத்தில்தான் அவள் அடுப்படியில் குனிந்துவிட்டு, ஜீப்பின் குலுக்கலுக்குப் போகிறாள்.

அவள் வீட்டில் நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பெரிய உறை தொங்கிற்று. ஸ்கேன் படம். எலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று யாரோ ஒரு வைத்தியர் சொல்லியனுப்பியிருக்கிறார். பிரமன் எழுதிய தலையெழுத்து போதாதென்று, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத்தக்க இரண்டாவது தலையெழுத்து ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரையில், 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும் 80 வயதினரில் 96 பேருக்கும் வட்டுத் தேய்வு காணப்பட்டது. தேய்வு என்பது பெரும்பாலும் முதுகில் விழும் நரை. உடலில் தைத்த அம்பு ஒன்று, அதை நினைத்து வருந்தும் மனத்தில் தைக்கும் அம்பு இரண்டாவது என்று புத்தர் சொன்ன உவமை, குறுக்கு வலிக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. பயந்து அசையாமல் கிடப்பவரின் தசை தளர்ந்து, வலி வேரூன்றிவிடுகிறது.

ஆகையால் புதிதாய் வந்த வலிக்கு நாட்கணக்காய்ப் படுக்கை வேண்டாம். நொச்சித் தழை ஒத்தடம் சுகம் தரும். முடிந்த அளவு நடமாடினால் பலருக்குச் சில வாரங்களில் தணியும். நாட்பட்ட வலிக்கு 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும் பயிற்சியையும் விளக்கத்தையும் முன்வைத்து, இடுப்புப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. ஆனால் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுக்குள் நில்லாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு வலி காசநோயாகவும் இருக்கலாம். காலையில் இறுகி, நடக்க நடக்க இளகும் வலி இளவயதினருக்கு வந்தால் மூட்டு வாதமா என்று பார்க்க வேண்டும்.

வினை என்று நம்புவதால்தான் அவள் தினமும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த நம்பிக்கை அவளுக்கு ஊன்றுகோல். அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அதே நம்பிக்கையைக் கூலி கொடுப்பவர் கையிலெடுத்தால், அவள் சுமக்கும் காய் மூட்டையின் எடையைக் குறைக்கவும், நடுவே நிமிர நேரம் கொடுக்கவும் அவருக்கு அவசியமே இல்லாமற் போகிறது. சரீரத்தை ஒழுங்கின்றி நடத்துதல் என்று பகவான் சொன்னது, பிறர் சரீரத்தை நடத்துவதற்கும் பொருந்தும் அல்லவா?

பாவா நகரத்துக் கதையை அவளுக்குச் சொன்னேன். “சாமியே படுத்துக்கிட்டாரா?” என்று இரண்டு முறை கேட்டாள். அடுத்த சுற்றுக் காயெடுப்பில் அவள் வேலை செய்யும் தோட்டத்துக்கு நான் போயிருந்தபோது, அவள் சரிவின் நடுவில் எழுந்து, இரு கைகளையும் குறுக்கில் வைத்து, பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்து நின்றாள். கங்காணி மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துத் தூரில் இருந்தவளும் எழுந்தாள்.