தராசைப் பிடிக்கும் கை

பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து இணையச் சந்தை ஒன்றை அமைப்பது இன்று வழக்கமாகிவிட்ட பயிற்சி. ஊரிலுள்ள மளிகைக் கடை, மருந்துக் கடை, பாத்திரக் கடை எல்லாவற்றையும் கைபேசித் திரைக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கு எதிரே சின்னக் கடைக்காரரும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய நினைப்பு. நல்ல நினைப்புத்தான். தேர்வாளர் வந்து, "வேலை செய்கிறதா?" என்று கேட்கிறார். செய்து காட்டுகிறார்கள்; மதிப்பெண் கிடைக்கிறது. "நியாயமாக வேலை செய்கிறதா?" என்று கேட்பவர் அரிது.

இயந்திரத்துக்கு ஏது நியாயமும் அநியாயமும் என்று தோன்றலாம். ஒருவர் அரிசி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் நாற்பது கடைகளில் அரிசி இருக்கிறது. திரையில் முதற்பார்வைக்குத் தெரிவதோ நான்கைந்து. எந்த நான்கைந்து? விலை குறைந்தவையா, அருகில் இருப்பவையா, வாங்கியவர்கள் அதிக நட்சத்திரம் கொடுத்தவையா? அதைத் தீர்மானிப்பது, என்றோ ஓர் இரவு விடுதி அறையில் ஒரு மாணவன் எழுதிய இரண்டு வரி. நட்சத்திரங்களை எண்ணி வரிசைப்படுத்து என்று அவன் எழுதிவிட்டால், முதலில் சேர்ந்த கடை மேலே நிற்கும். மேலே நிற்பதால் விற்கும். விற்பதால் இன்னும் நட்சத்திரம் பெறும். நேற்றுச் சேர்ந்த வயதான அம்மாளின் கடை, அரிசி எத்தனை நயமாக இருந்தாலும், அடியிலேயே கிடக்கும்.

"எல்லோருக்கும் ஒரே விதிதானே? நாங்கள் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லையே!" என்பான் மாணவன். உண்மைதான். கடைத்தெருவிலும் முனைக்கடைக்கு ஒரு யோகம், சந்துக்கடைக்கு ஒரு யோகம் உண்டு. ஆனால் அந்தத் தெரு தானாக வளர்ந்தது. இந்தத் தெருவை ஒருவன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். வரைந்தவனுக்குப் பொறுப்பும் உண்டு அல்லவா?

சந்தையை நியாயமாக நடத்துவதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. உழவர்களுக்குத் தராசு வாடகையின்றிக் கிடைத்தது. அன்றைய விலையை எல்லோரும் காணும்படி பலகையில் எழுதினார்கள். சந்தையை நடத்தியவர்கள் காய்கறி விற்க உட்காரவில்லை.

இந்தக் கடைசி விஷயம் சிறியதன்று. அமேசான் நிறுவனம் சந்தையையும் நடத்துகிறது. அதில் தானும் விற்கிறது. மற்ற வியாபாரிகளின் விற்பனை விவரங்களைத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறதோ என்று ஐரோப்பிய ஆணையம் 2019-இல் விசாரணை தொடங்கியது. இனி அவ்வாறு பயன்படுத்துவதில்லை என்று அந்நிறுவனம் தந்த உறுதிமொழியை ஏற்று, 2022 டிசம்பரில் அதை முடித்தது. தராசைப் பிடித்தவரே சரக்கும் விற்றால் சந்தேகம் எழாமல் இராது.

மாணவர்கள் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமன்று. எந்த விதிப்படி வரிசை அமைகிறது என்பதைத் திரையிலேயே எழுதி வைக்கலாம். புதிய கடைகளும் முறைவைத்து மேலே வர வழி செய்யலாம். வரிசை என்றால் யாராவது ஒருவர் கடைசியில் நிற்கத்தான் வேண்டும். "நான் ஏன் கடைசி?" என்று அவர் கேட்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும்.