கேட்கப்படாத கடன்

விலையின்றித் தரப்பட்ட ஒரு பொருள் பெற்றவர்மீது கடமையை ஏற்றுமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. மென்பொருளின் மூலநிரலை, அதாவது அதனை இயக்கும் கட்டளை வரிகளை, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறந்துவைக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் அவ்வினாவுக்குப் புதிய அவசரத்தைத் தந்துள்ளது. இணையதளங்களை அமைத்து நிர்வகிக்க உதவும் ட்ரூபல் (2001), வேர்ட்பிரஸ் (2003), ஜூம்லா (2005) ஆகிய மூன்றும் குனு பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் முதன்முதலாக வெளியிட்ட அவ்வுரிமம், மென்பொருளைப் பிறருக்கு வழங்குவோர் தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்கிறது. அதனை நிறுவித் தளம் நடத்துவோரிடம், அவர்கள் எவ்வளவு ஈட்டினாலும், கைம்மாறு எதையும் அது கோருவதில்லை.

உரிமம் கேளாததை அறமும் கேட்கலாகாது என்போர் இரண்டு காரணங்களைக் காட்டுவர்: கைம்மாறு கேட்டால் கொடை வணிகமாகிவிடும் என்பது ஒன்று, பகிர்வதால் மென்பொருள் குறைவதில்லையாதலால் பெறுபவர் எவருக்கும் இழப்பை விளைவிக்கவில்லை என்பது மற்றொன்று. முதற்காரணம் கொடுப்பவரின் நாவைக் கட்டுகிறதே தவிர, பெறுபவரை விடுவிப்பதில்லை. கைம்மாறு கருதாத கொடைக்கு மழையைச் சான்றாக்கும் திருக்குறளே, நன்றி மறத்தலை மீட்சியற்ற குற்றமாகவும் கருதுகிறது. கேட்கும் உரிமை ஒருவருக்கு இல்லாதபோதும் செய்யும் கடமை மற்றவருக்கு உண்டு என்று கொண்டால் இவ்விரண்டும் பொருந்தி நிற்கும்.

இரண்டாம் காரணம் நிரலை மட்டும் எண்ணி, அதனைப் பேணும் மனித உழைப்பை மறந்துவிடுகிறது. ட்ரூபல் 7-இன் தரவுத்தளப் பகுதியில் இருந்த ஒரு பிழை, கடவுச்சொல் ஏதுமின்றியே தளத்தைக் கைப்பற்ற வழிவிட்டிருந்தது. 2014 அக்டோபர் 15 அன்று வெளிவந்த திருத்தமோ, வெளியிலிருந்து வரும் பட்டியலின் மதிப்புகளை மட்டும் ஏற்று அவற்றின் குறியீட்டுப் பெயர்களைப் புறந்தள்ளும் ஒரு சிறு மாற்றமே. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் அதனை நிறுவாத தளங்கள் பிறர்கைப்பட்டனவாகவே கொள்ளத்தக்கவை என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. அப்பிழையைக் கண்டறிந்தது, தன் வாடிக்கையாளருக்காக நிரலைத் தணிக்கை செய்த ஒரு ஜெர்மன் நிறுவனம். தனக்குத் தெரிந்ததை அது பாதுகாப்புக் குழுவிடம் ஒப்படைத்ததால், ஒருவர் தம் தேவைக்குச் செய்வித்த ஆய்வு அனைவருக்கும் காப்பாயிற்று. பெற்றவர் கடன் தீர்க்கும் முறை இதுவே.

இக்கடன் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. பெற்ற பயனுக்கும் உள்ள ஆற்றலுக்கும் ஏற்ப அது கூடும், குறையும். காப்புநகல் எடுத்துக்கொண்டு புதுப்பிப்புகளை உடனுக்குடன் நிறுவுவதும், கண்ட பிழையைத் தெளிவாக எழுதித் தெரிவிப்பதும் சிறு தளம் நடத்துபவராலும் இயலும். வேர்ட்பிரஸால் வளரும் நிறுவனங்கள் தம் பணியாளர்களில் 5 விழுக்காட்டினரை அதன் மேம்பாட்டில் ஈடுபடுத்த வேண்டும் என்று அதன் நிறுவனர்களுள் ஒருவரான மேட் முல்லன்வெக் 2014-இல் முன்வைத்த கருத்து, வேண்டுகோளாக இருக்கும்வரை அறத்துக்கு இசைவானது. தண்டனையோடு வசூலிக்கப்படுமாயின் அது கொடையின் இயல்பையே அழித்துவிடும். ஆகவே கொடுத்தவர் கேட்கும்வரை காத்திராமல், கட்டற்ற மென்பொருளால் வருவாய் ஈட்டும் ஒவ்வொரு நிறுவனமும் அதன் பராமரிப்புக்குத் தன் உழைப்பில் ஒரு பங்கைத் தானே ஒதுக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்குவதை ஈகை எனக் கூறிப் பெருமை கொள்ள இடமில்லை, அது செலுத்தியே தீரவேண்டிய கடன்.