கொன்ற உயிருக்கு எழுப்பிய கல்லறை

ஜப்பானின் யமகுச்சி மாநிலத்தில் கயோய் என்னும் மீனவ ஊரில், வேட்டையில் கொல்லப்பட்ட தாய்த் திமிங்கலங்களின் வயிற்றில் இருந்த கருக்களை அடக்கம் செய்து, 1692ஆம் ஆண்டில் எழுப்பிய கல்லறை இன்றும் நிற்கிறது. அவ்வூரின் கோகன்ஜி என்னும் பௌத்தக் கோயிலில், இறந்த மனிதருக்குச் சூட்டும் சமயப் பெயரைப் போன்ற பெயரைத் திமிங்கலங்களுக்கும் சூட்டி, அவற்றை இறந்தோர் ஏட்டில் பதிந்து, அவற்றின் நற்கதிக்காக வழிபாடு நடத்தி வந்தனர். உணவுக்காகக் கொன்ற விலங்குக்கு மனிதனுக்குரிய இறுதிக் கடனைச் செய்த இச்சடங்கு, கொலையை நியாயப்படுத்துகிறதா அல்லது ஒப்புக்கொள்கிறதா என்ற கேள்வி, வணிகத் திமிங்கல வேட்டையை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் போதிய அளவு ஆராயாத ஒன்று.

உயிரை மதித்தே கொல்லும் மரபு தமக்குண்டு என்பதற்கு இத்தகைய கல்லறைகளை வேட்டையின் ஆதரவாளர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் சடங்கின் உள்ளமைப்பு அவ்வாதத்துக்கு இடம் தரவில்லை. வழிபாட்டினால் விளையும் புண்ணியத்தைப் பிறருக்கு அளிப்பதே இங்கு நிகழ்வது. அந்தப் புண்ணியம் சென்று சேர வேண்டிய இடம் இறந்த திமிங்கலமே; ஈட்டி எறிந்தவன் அல்லன். கொல்லாமையை ஐந்து ஒழுக்கங்களில் முதலாவதாக வைத்து, எண்ணித் துணிந்த செயலே வினையாகும் என்று கூறும் பௌத்தத்தில், கொன்றவனின் வினை இதனால் அழிந்துவிடுவதில்லை. கோகன்ஜி சார்ந்திருக்கும் தூய நில மரபு, அதாவது அமிதாப புத்தரின் அருளால் தீவினையாளரும் உய்வர் என்று போதிக்கும் பிரிவு, கொன்றே பிழைக்க வேண்டியிருந்த மீனவருக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது உண்மையே. எனினும் அருள் உண்டென்பதைத் தீமை செய்வதற்கான உரிமையாகக் கொள்வதை, அம்மரபின் ஆசான் ஹோனெனும் அவர் மாணவர் ஷின்ரனும் கண்டித்தனர். ஆகவே கயோய்க் கல்லறை, கடன்பட்டவர்கள் தம் கடனை மறைக்காமல் எழுதி வைத்த பத்திரமாகும். கடன் தீர்ந்ததற்கான சீட்டு அன்று.

துடுப்புப் படகும் வலையும் கொண்டு, உயிரைப் பணயம் வைத்துக் கடலோர ஊர் பிழைத்த காலத்தில் அவ்வொப்புதலுக்குப் பின்னால் ஒரு தேவை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நார்வேயின் ஸ்வென் ஃபொய்ன் நீராவிக் கப்பலோடு வெடிகுண்டு ஈட்டியை இணைத்த பின் வேட்டை ஆலைத்தொழிலாகி, 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்கள் உலகக் கடல்களில் கொல்லப்பட்டன. எந்தக் கோயிலின் ஏடும் இத்தனை பெயர்களைத் தாங்காது.

1982இல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் வாக்களித்து, 1986 முதல் நடைமுறைக்கு வந்த வணிக வேட்டைத் தடை, பாதுகாப்பு இயக்கத்தின் மாபெரும் வெற்றி. ஆயினும் அதன் அடித்தளம் எண்ணிக்கை. வேட்டைத் தொழிலை ஒழுங்குபடுத்த 1946இல் உருவான உடன்படிக்கையின் கீழ் இயங்கும் அவ்வாணையம், பெரிதும் இனம் அருகுவதைப் பற்றியே கேட்டது; தனித்த ஓர் உயிரின் இறப்பைப் பற்றி அன்று. அதனால்தான் 2019இல் ஆணையத்தை விட்டு வெளியேறி வணிக வேட்டையை மீண்டும் தொடங்கிய ஜப்பான், 2024இல் துடுப்புத் திமிங்கலத்தையும் வேட்டைப் பட்டியலில் சேர்த்தபோது, அவை போதிய எண்ணிக்கையில் உள்ளன என்ற விடையைத் தர முடிந்தது. எண்ணிக்கையை மட்டும் நம்பிய இயக்கத்திடம் அதற்கு மறுமொழி இல்லை.

மறுமொழி கயோயில் இருக்கிறது. மாட்டையும் பன்றியையும் உண்ணும் மேலைநாட்டார் தம் நெறியைப் பிறர்மீது திணிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அதைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. ஆனால் திமிங்கலத்தின் கரு இரங்கத்தக்கது என்பதை மேலைநாட்டார் சொல்வதற்கு முன்பே வேட்டைக்காரர்கள் கல்லில் பொறித்துவிட்டனர். மாற்றுணவு அரிதான ஆர்க்டிக் கரையில், வில்தலைத் திமிங்கலத்தைக் கொன்று ஊரோடு பகிர்ந்துண்ணும் அலாஸ்காவின் இன்யூப்பியட் மக்களிடம், கயோயின் பழைய மீனவரைப் போலவே, தேவை என்ற விளக்கம் இன்னும் இருக்கிறது. இறைச்சிக்குப் பள்ளி உணவுக்கூடங்களிலும் அங்காடிகளிலும் ஆள் தேடி, அரசின் உதவியோடு நிலைநிறுத்தப்படும் ஒரு வணிகம், அந்த விளக்கத்தைக் கடன் வாங்க முடியாது.